அவங்கவங்க மாத்திரை

வாயைத் திறக்க மாட்டேங்கறா. கரண்டியில தண்ணி ஊத்தினா ஓரமா வழிஞ்சு தலகாணிக்குப் போயிருது. அதைத் துடைச்சுட்டு இன்னொரு கரண்டி எடுக்கறேன், அதுக்குள்ள சிஸ்டர் வந்து, "புரையேறிரும், கீழ வைங்க. வெளிய இருங்க, கூப்பிடுதேன்"னுட்டாங்க. சரின்னு வந்துட்டேன். கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா தம்பி? முட்டி மடங்க மாட்டேங்குது, காலை நீட்டித்தான் உக்காரணும்.

உங்களுக்கு யாரு, அப்பாவா? இடுப்பா. பாத்ரூம்ல வழுக்கிட்டாரா. சரியாயிரும் தம்பி. எலும்பு ஒடஞ்சா ஒடஞ்ச எடம் தெரியுது, படம் புடிச்சுக் காட்டிர்றாங்க. நம்முளுது என்னன்னே அவங்களுக்குப் புடிபடலை. நானும் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க.

துளசிமணின்னு பேருங்க. என் சம்சாரம். நமக்குக் காங்கயத்துக்கு இந்தப் பக்கம். நான் தறி குடோன்ல இருக்கேன். அவ தேங்காய்க் களத்துல. தேங்காயை உடைச்சு வெயில்ல காயப்போட்டு, காஞ்சதும் இரும்பை உள்ள விட்டு நெம்பிப் பருப்பைத் தனியா எடுக்கணும். குத்த வச்சே செய்யற வேலை. கை வேலை. கல்யாணமாகி வந்ததுலிருந்து அந்த வேலைதான். நெம்பறதுல அவளுக்கு ஈடா அந்தக் களத்துல ஆள் கிடையாது. களத்துக்காரரே சொல்லுவாரு.

அந்தக் கைக்குத்தான் வந்துச்சு. காலைல எந்திரிச்சா விரல் விரியாது. கோழி விரல் மாதிரி மடங்கி நிக்கும். வெயில் ஏற ஏறத்தான் கொஞ்சம் கொஞ்சமா விரியும். செம்பைத் தூக்க முடியலை. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியலை. கொஞ்ச நாள் நான்தான் தம்பி கொண்டை போட்டு விட்டேன். ஆம்பளைக்கு அதெல்லாம் எங்க வருது? "நூலு முடியறவருக்கு மசுரு முடியத் தெரியலையா"ம்பா. சிரிப்பா. சிரிச்சுட்டே கண்ணுல தண்ணி வந்துரும், வலி அப்படி.

விட்டுட்டு இருக்க முடியுங்களா? குடோன்லிருந்து வர்ற வழியில சிவராஜ் மெடிக்கல் இருக்கு. என் முட்டிக்கு அங்கதான் செட்டு வாங்குவேன். செட்டுன்னா தெரியுமில்லீங்க? கை கால் வலி, உடம்பு வலின்னு போனா மூணு நாலு மாத்திரையைப் பிச்சுப் போட்டு ஒரு பொட்டலமாக் கட்டித் தருவாங்களே, அது. சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். எங்க ஊர்ல தறிக்காரங்க, கொத்து வேலைக்காரங்க, களத்துப் பொம்பளைங்க, எல்லாரும் செட்டுலதான் நடமாடறாங்க. நான் போயி, "சிவராஜு, வீட்டுல அம்மிணிக்குக் கை விரிய மாட்டேங்குது"ன்னேன். "அப்படியாங்ண்ணா, அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுத் தர்றேன்"னு தனியா ஒண்ணு கட்டினாரு. "இது உங்களுக்கு, இது அம்மிணிக்கு. மாத்திப் போட்டுறாதீங்க."

பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா ஆளுக்கு ஆளு வேறம்பாரு. அவருக்குத் தெரியாதுங்களா?

அடுத்த நாள் நான் எந்திரிக்கறேன், வாசல்ல கோலம். புள்ளி வச்ச கோலம் தம்பி. சும்மா நாலு இழுப்பு இழுத்துட்டு வர்ற கோலமில்லை. மாவு ஒரே தடிமன்ல வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கு. நான் வேட்டியைக் கூடச் சரியாக் கட்டாம அதையே பாத்துட்டு நின்னேன். அவ உள்ளயிருந்து, "மிதிச்சுறாதீங்க"ங்கறா. கொண்டை அவளே போட்டிருந்தா.

அன்னிலிருந்து ஒரு நாள் விட்டதில்லைங்க. மழை பேஞ்சாலும் சரி, வண்டி பஞ்சரானாலும் சரி. ஒருக்கா நான் காய்ச்சல்ல படுத்துட்டேன், அப்பவும் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி வாங்கிட்டு வரச் சொன்னேன். "உங்களுக்கு வாங்கலையா"ன்னு கேட்டா. "எனக்கு நாளைக்கு. உனக்குத் தவறக் கூடாது"ன்னேன். தவறினா அடுத்த நாளே தெரிஞ்சுரும் தம்பி. ஒரு தடவை சிவராஜு கடை சாத்திட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. மறு நாளைக்கு இவ எந்திரிக்கவே இல்லை. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குதுங்கறா. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, அந்த மாத்திரை எவ்வளவு நல்ல மாத்திரைன்னு.

நாள்காட்டியில கிழிக்கற தாள் இருக்குதுங்கள்ல, அதுலதான் பொட்டலம் கட்டுவாரு. பழைய வருசத்து நாள்காட்டி. மாத்திரையை வாயில போட்டுட்டுத் தாளை விரிச்சு ராசிபலன் படிப்பா. "ஏனுங்க, எனக்கு இன்னிக்கு ஓய்வுன்னு போட்டிருக்குது. களத்துக்குப் போக வேண்டாமா?"ம்பா. "அது முந்தின வருசத்துத் தாளு"ம்பேன். "அப்ப முந்தின வருசமே ஓய்வெடுத்துட்டனா? எனக்குத் தெரியாமப் போச்சே"ம்பா. இப்படி ஏதாச்சும் ஒண்ணு. வாய் சும்மா இருக்காது. இப்பத்தான் வாயைத் திறக்க மாட்டேங்கறா.

உடம்பும் தேறிச்சுங்க. அதுக்கு முன்னாடி குச்சி மாதிரி இருப்பா. செட்டு போட ஆரம்பிச்சதுக்கப்புறம் பசி எடுக்குதுன்னா. நல்லாச் சாப்பிட்டா. கன்னம் ரெண்டும் உப்பி முகமே வட்டமா ஆயிருச்சு, முழு நெலா மாதிரி. பிடரியில கூடச் சதை. ஜாக்கெட்டெல்லாம் புதுசாத் தைக்க வேண்டியதாப் போச்சு. களத்துல இருக்கற பொம்பளைங்க, "நாச்சிமுத்தண்ணன் பொண்டாட்டிக்கு மட்டும் தனியா நெய்யூத்திப் போடறாரு, நமக்கு வாச்சதும் இருக்குதே"ன்னு பேசிக்குவாங்களாம். எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய்.

என்ன, கையும் காலும் மட்டும் சதை போடலை. குச்சியாவே நின்னுருச்சு. தோலு மெலுசாயிருச்சு, வளையல் பட்டாக்கூட நீலம் நீலமாக் கன்னிப் போகும். மாரியம்மன் கோயில்ல எங்க பங்காளி ஒருத்தன் அதைப் பாத்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏண்டா, இந்த வயசுல கையை நீட்டறயா?"ன்னு கேட்டுப்போட்டான். நானா? அவ மேல வெரல் பட்டதில்லை தம்பி. இவ அதைக் கேட்டுட்டு, "ஆமா, தெனமும் சாயங்காலம் பொட்டலத்துல கட்டிக் கொண்டாந்து அடிக்கறாரு"ன்னா. எல்லாரும் சிரிச்சோம்.

எங்க புள்ளை மைதிலி திருப்பூர்ல வாக்கப்பட்டிருக்குது. அது ஒரு தடவை ஊருக்கு வந்து அம்மா மூஞ்சியைப் பாத்துட்டு ஒரே சண்டை. "இது சதை இல்லப்பா, வீக்கம்"னு சொல்லி மூட்டு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு. அவரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, இது வேலை செஞ்சு வர்ற வலி இல்லை, உடம்பு தன்னையே தாக்கிக்கற சீக்குன்னாராம். மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடணும். மத்த நாள் அதைத் தொடவே கூடாது, தொட்டா ஆபத்து. கேக்கறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். நடுவுல நடுவுல ரத்தம் குடுத்துப் பாத்துக்கணும். அப்புறம் கடை செட்டை ஒரேயடியா விட்டுறக் கூடாது, நான் சொல்ற மாதிரி கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கணும், மறுபடி வாங்கன்னும் சொன்னாராம்.

நீங்களே சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை போட்டா மத்த நாள் வலிக்கு யாரு பதில் சொல்றது? ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கேக்கற மாத்திரை ஒரு மாத்திரையா? நம்ம செட்டு போட்டா விடியறதுக்குள்ள கோலம். நான் சண்டையெல்லாம் போடலைங்க. "புள்ளை ஆசைப்படுது, ஒரு வாரம் போட்டுப் பாரு"ன்னுதான் சொன்னேன். போட்டா. அன்னிக்கு வயித்தைப் புரட்டுதுன்னா. அதோட விட்டாச்சு. மறுபடி அந்த டாக்டர்கிட்டப் போகலை. மைதிலி போன் பண்ணிக் கேக்கறப்பல்லாம், "போட்டுட்டுத்தான் இருக்கறா"ம்பேன். தூரத்துல இருக்கற புள்ளையை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?

அப்படியே ஓடிட்டிருந்துச்சு. இந்த அம்மா வராம இருந்திருந்தா ஓடிட்டேதான் இருந்திருக்கும்.

அம்மைங்க. களத்துல ஒரு பொம்பளைக்கு வந்து, அப்புறம் இவளுக்கு. மொதல்ல முதுகுல ரெண்டு கொப்புளம். அப்புறம் மூஞ்சி, நெஞ்சு, தலைக்குள்ள எல்லாம். அம்மா வந்துட்டான்னு தெரிஞ்சதும் வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. தாளிக்கறதில்லை. கறி மீன் இல்லை. வெளியாளு உள்ள வர்றதில்லை. உங்க பக்கமும் அப்படித்தானுங்களே? மாத்திரை மருந்து எதுவும் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. அம்மா வந்திருக்கறப்ப மாத்திரை போட்டா, நீ வந்தது எனக்குப் பிடிக்கலைன்னு சொல்ற மாதிரி ஆயிரும். கோவிச்சுக்குவா. எங்கம்மா காலத்துலிருந்து அப்படித்தான். சிவராஜு கடை சாத்தினா ஆகும்னு இவளுக்குச் சேத்து வாங்கி வச்ச செட்டு நாலஞ்சு பொட்டலம் டப்பாவுல கெடந்துச்சு. நானே துணியில முடிஞ்சு கொண்டுபோயி பாழுங்கெணத்துல போட்டுட்டு வந்தேன். ஒண்ணு மிச்சம் வைக்கலை. வைக்கக் கூடாதுங்களே.

எனக்கு முட்டி இருக்குது. தறி முன்னாடி நின்னுதானே ஆகணும்? அதனால என்னுதை வண்டிப் பொட்டியிலயே வச்சுக்குவேன். குடோனுக்குப் போயித்தான் போடுவேன். வீட்டு எல்லைக்குள்ள ஒரு நாள் போட்டதில்லை. அந்த வரைக்கும் நான் சுத்தமா இருந்தேன் தம்பி.

ரெண்டு நாள்லயே அவளுக்கு முடியலை. கை மறுபடி மடங்கிருச்சு. கை போனாப் போகுது, ஆளே சோந்துட்டா. பாயிலிருந்து எந்திரிச்சாத் தலை சுத்துதுங்கறா. சோறு வாசம் ஆகலை. நான் வேப்பிலையில வெசிறி விட்டுட்டு உக்காந்திருக்கேன், மெதுவா என் கையைப் புடிக்கறா.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"என்னது?"

"செட்டு."

"அம்மா இருக்கறப்பவா? என்ன பேச்சுப் பேசற?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். பொம்பளைக்குப் பொம்பளை. அவளும் கை வலியோட இருந்திருப்பா, எத்தனை கை வேற."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா சிரிக்கலை. சிரிச்சா மனசு எறங்கிக் குடுத்துருவமேன்னு இருந்தேன். "கண்ணு, மூணாந் தண்ணி ஊத்தற வரைக்கும் பொறுத்துக்க. அம்மா எறங்கினதும் நானே போயி வாங்கிட்டு வர்றேன்"னேன். கொஞ்ச நேரங் கழிச்சு, "உங்களுது வண்டியில இருக்குதுங்கள்ல"ன்னா. "அது என்னுது"ன்னேன். "ஆமா, அது உங்களுது"ன்னு சொல்லிட்டுச் சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

அப்புறம் கேக்கவே இல்லை. நல்ல மனசுங்க அவளுக்கு. சொன்னாப் புரிஞ்சுக்குவா.

கொப்புளமெல்லாம் காயறதுக்கு ஆரம்பிச்சுது. பூசாரியும் வந்து பாத்துட்டு அம்மா மனசு எறங்கிட்டான்னாரு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வச்ச தண்ணியை மொதத் தண்ணியா ஊத்தினோம். ஊத்தி முடிச்சுத் துண்டைக் குடுக்கறேன், வாங்கலை. கண்ணு எங்கயோ பாக்குது. அப்படியே என் மேல சாஞ்சுட்டா. தண்ணி வாந்தி. அப்புறம் வாந்திக்குக் கூடத் தெம்பில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில பாத்துட்டு, பிரசர் ரொம்பக் கீழ கெடக்குது, இங்க வச்சுக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு வண்டி ஏத்தி விட்டுட்டாங்க. மைதிலி வயித்துப் புள்ளையோட இருக்குது, அம்மை இருக்கற எடத்துக்கு வரக் கூடாதுன்னு நான்தான் தடுத்துட்டேன். அதனால நான் ஒருத்தன்தான்.

இங்க வந்ததும் மொதக் கேள்வி அந்த சிஸ்டர்தான் கேட்டாங்க. தெக்கத்திக்காரங்க போல, பேச்சுல தெரியுது. "ஐயா, இவங்க என்ன மாத்திரை போடுதாங்க?" நான் சொன்னேன், "ஒண்ணும் போடலைங்க. அம்மா வந்ததுலிருந்து ஒரு மாத்திரை வாயில படலை." நெசந்தானுங்களே? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவேன். சக்கரைக்கு? இல்லை. பிரசருக்கு? இல்லை. எழுதிட்டுப் போயிட்டாங்க.

பாட்டில் பாட்டிலாத் தண்ணி ஏத்தறாங்க. பிரசர் ஏறவே மாட்டேங்குது. அந்த சிஸ்டர் மறுபடி வந்து அவ மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறாங்க. பிடரியைத் தொட்டுப் பாக்கறாங்க. கையைத் திருப்பிக் கன்னிப்போன எடத்தைப் பாக்கறாங்க. "இவங்க முகம் எப்பவும் இப்படித்தானா?"ன்னாங்க. "நல்ல சாப்பாடுங்க"ன்னேன். "கை விரலெல்லாம் கோணியிருக்கு. வலிக்கு ஏதாச்சும் போடுவாங்களா? அம்மைக்கு முன்னாடி?"

முன்னாடின்னு கேட்டதும் சொல்லிட்டேன் தம்பி. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? "கடையில செட்டு வாங்கிப் போடுவோமுங்க"ன்னேன். அவ்வளவுதான், அவங்க மூஞ்சி மாறிருச்சு. "செட்டுல என்னென்ன இருக்கும்?"

அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பெருசு, ஒரு கலரு, ஒரு சின்னது. அப்படித்தான் தெரியும். "சின்னது வெள்ளையா? நாக்குல பட்டா கசக்குமா?"ன்னாங்க. "அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு அவளைத்தானுங்க கேக்கணும்"னேன். அவங்க கண்ணை மூடித் தொறந்தாங்க. அப்புறம் பொறுமையாத்தான் சொன்னாங்க. நம்ம உடம்புக்குள்ள தானாவே சொரக்கற ஒண்ணு இருக்குதாம். அந்தச் சின்ன மாத்திரை அதுதான்னா, அதையே வெளியிலிருந்து குடுத்துட்டே இருந்தா உள்ள இருக்கறது வேலையை விட்டுட்டுத் தூங்கிருமாம். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா அது எந்திரிக்காது. ஆளு இப்படித்தான் கெடக்கும்.

"அதுதான்னு தெரிஞ்சா ஊசி இருக்கு ஐயா. போட்டா எழுப்பிரலாம். ஆனா அம்மை போட்டிருக்க உடம்பு. சும்மா அந்த ஊசியைப் போட்டா அம்மை உள்ள எறங்கிரும், அப்புறம் நுரையீரலுக்குப் போயிரும். அதான் டாக்டர் தயங்குதாங்க. என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியணும். கடைக்காரருக்குப் போனைப் போடுங்க."

போட்டேன். சிவராஜு எடுத்தாரு. விசயத்தைச் சொன்னேன். அப்புறம், "அண்ணா, ஒரு வலி, ஒரு கேஸு, ஒரு சத்து. அவ்வளவுதான்னு சொல்லுங்க. சின்னது சத்து மாத்திரை. வேற எதையும் சொல்லிப்போடாதீங்க, கடைக்கு ஆபீசருங்க வந்துருவாங்க"ன்னாரு. நான் அப்படியே சிஸ்டர்கிட்டச் சொன்னேன். வலி, கேஸு, சத்து. சிஸ்டர் "போனை என்கிட்டக் குடுங்க"ன்னு கையை நீட்டினாங்க. அதுக்குள்ள கட் ஆயிருச்சு. திருப்பிப் போட்டா ஸ்விட்ச் ஆப்புங்குது. சார்ஜ் இல்லாமப் போயிருக்கும். பாவம், காலையிலிருந்து கடையில நிக்கற மனுசன்.

டாக்டர் வந்தாரு, சின்ன வயசுதான். சத்து மாத்திரைன்னு சொன்னதும் வேற என்னமோ பேச ஆரம்பிச்சாரு, அம்மை ரத்தத்துல கலந்திருக்குமோன்னு. சிஸ்டர் மட்டும், "சார், மூஞ்சியைப் பாருங்க சார்"னு சொல்லிட்டே இருந்தாங்க. அவரு பெரிய டாக்டருக்குப் போன் பண்ணிட்டு இருக்கறாரு, அவரு எடுக்கலை போல. அப்புறம் சிஸ்டர் என்கிட்ட வந்து கேட்டாங்க, "ஐயா, அந்தச் செட்டு ஒண்ணாவது மிச்சம் இருக்கா? வீட்டுல, பையில, எங்கயாச்சும்? ஒரு மாத்திரையைக் கண்ணுல பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

கெணத்துல போட்டதைச் சொன்னேன். அவங்க தலையில கை வச்சுட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு பொட்டலம் வச்சிருந்திருக்கலாமோன்னு. ஆனா அம்மா விசயத்துல எப்படிங்க வைக்கறது?

ரொம்பக் கண்டிப்பான சிஸ்டருங்க. நல்லவங்க. இவளை அம்மைன்னு தனி ரூம்ல போட்டிருக்காங்க. வெளிய வார்டுல ஒரு அம்மா, அவங்க மருமக தன்னோட சக்கரை மாத்திரையை எடுத்து மாமியாளுக்குக் குடுத்துட்டாளாம், ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதானேன்னு. சிஸ்டர் புடிச்சுட்டாங்க. "அவங்கவங்க மாத்திரை அவங்கவங்களுக்கு. ஒரே மாதிரி இருந்தாலும் ஒண்ணு இல்லை. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்கு எடுத்து நீட்டினா இந்த வார்டுல இருக்க விட மாட்டேன்"னு ஒரு போடு போட்டாங்க. அந்தப் புள்ளை அழுதுருச்சு. ஆனா சிஸ்டர் சொன்னது சரிதானுங்க. சிவராஜு சொல்றதையேதான் அவங்களும் சொல்றாங்க. படிச்சவங்க வாயில அது வந்ததும் எனக்குத் திருப்தியா இருந்துச்சு. நான் அந்த விசயத்துல ஒரு நாள் மாத்திக் குடுத்ததில்லை.

என்ன தம்பி சொல்றீங்க? கெணத்துலயா? தண்ணி இல்லைங்க, பாழுங்கெணறு. ஆனா முள்ளு ரொம்பிக் கெடக்குது. ஆளை எறக்கித் தேடறதா? இங்கிருந்து ஊருக்குப் போயி, ஆளைப் புடிச்சு... நான் போயிட்டா அவகிட்ட யாரு இருக்கறது? கூப்பிட்டா ஆளு வேணும்ங்கறாங்க. சிவராஜு கடைக்கு யாரையாச்சும் அனுப்பறதா? அதையும் பண்ணினேன். பக்கத்து வீட்டுக்காரரு போயிப் பாத்துட்டுக் கடை சாத்தியிருக்குதுன்னாரு. அதுக்கு மேல நான் என்னங்க பண்ண முடியும்? சொல்லுங்க. நானும் காலையிலிருந்து என்னென்னவோ யோசிச்சுப் பாத்துட்டேன். என்னால ஆகறது ஒண்ணுமில்லை.

இருங்க, கதவு திறக்குது. அவங்கதான்.

சொல்லுங்க சிஸ்டர். ஆமாங்க, துளசிமணி வீட்டுக்காரன்தான். இல்லைங்க சிஸ்டர். நல்லாப் பாத்துட்டேன். பையை ரெண்டு தடவை கொட்டிப் பாத்தாச்சு. அவ மாத்திரை ஒண்ணு கூட இல்லைங்க. இருந்தா உங்ககிட்டக் குடுக்காம வச்சுக்குவனுங்களா? பிரசர் எப்படிங்க இருக்குது? இன்னுமா. கையெழுத்தா. எங்கங்க? இங்கயா. சரிங்க. என்னை அடையாளம் தெரியுதுங்களா அவளுக்கு? சரிங்க, சரிங்க. இங்கயேதான் இருப்பேன்.

போயிட்டாங்க. ஓடறாங்க பாருங்க, செருப்புச் சத்தம். நம்ம ஆளுக்கு ஒருத்தர் இப்படி ஓடறாங்களேன்னு இருக்குது.

காலையிலிருந்து நின்னது முட்டியில வந்து உக்காந்துக்குச்சு தம்பி. கூப்பிட்டா எந்திரிச்சு ஓடணுமில்லைங்களா? நொண்டற காலோட அவ முன்னாடி போயி நின்னா அவளே சிரிப்பா. உங்க போன் அடிக்குது, பாருங்க. வீட்டுலிருந்தா? பேசுங்க, பேசுங்க. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கங்க, இங்க சத்தம் கேக்காது. உங்க தண்ணி பாட்டிலை நான் எடுத்துக்கறேன், ஒரு மடக்குதான்.

வெறும் வயித்துல போடக் கூடாதும்பாரு சிவராஜு. பரவாயில்லை. என்னுதுதான், வண்டிப் பொட்டியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில வச்சது, வேர்வையில தாளெல்லாம் நனைஞ்சு போச்சு. அவ ராசி என்னமோ போட்டிருக்குது, எழுத்துத் தெரியலை.

ம். போயிருச்சு. இன்னொரு மடக்குக் குடிச்சுக்கறனுங்க, கசக்குது.

இந்தாங்க, மூடி.